ஊதா கலர் வந்துட்டா ஹெராயினா?

ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ்காரங்க ஒரு பெட்டியைத் திறக்குறாங்க. உள்ளே பழுப்புப் பவுடர். டெஸ்ட் கிட்டில் ஒரு துளி ரசாயனம் விட்டதும் ஊதா. ஹெராயினா? அவசரப்படாதீங்க. மார்ஃபின், கோடீனுக்கும் அதே ஊதாதான்!

அதனால மாஜிஸ்திரேட் முன்னிலையில் மாதிரி எடுத்து, சீல் வெச்சு, டெல்லி பூசாவில் இருக்கும் மத்திய வருவாய்க் கட்டுப்பாட்டு ஆய்வகம் மாதிரியான அரசு லேபுக்கு அனுப்புறாங்க. அங்கே ஒரு கருவி, கலந்திருப்பதைத் தனித்தனியாகப் பிரிக்கும். இன்னொன்று, ஒவ்வொன்றும் என்னன்னு சொல்லும்.

எடையும் முக்கியம். ஹெராயின் 5 கிராமுக்குக் குறைவு என்றால் அதிகபட்சம் ஒரு வருஷ ஜெயில். 250 கிராமைத் தாண்டினால் குறைந்தது 10 வருஷம். கலப்படத்துக்குச் சேர்த்த மாவின் எடையும் இதில் அடக்கம்னு உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லிடுச்சு.

லேப் ரிப்போர்ட்டில் 'போதைப்பொருள் இல்லை'ன்னு வந்தா? உள்ளே இருக்கிறவர் வெளியே வர அந்தத் தாளும் ஒரு வழி.