மூழ்க இருந்த மோட்டார் கம்பெனி

1950-ம் ஆண்டு ஜூன் மாதம். ஜப்பானில் நகோயா நகரத்துக்கு அருகே கொரோமோ என்று ஓர் ஊர். அங்கே ஒரு மோட்டார் தொழிற்சாலை. இரண்டு மாதமாக அதில் ஒழுங்காக வேலை நடக்கவில்லை. தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். பாங்கிக்காரர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். விற்காத லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

அந்த மாதம் 5-ந் தேதி கம்பெனியின் தலைவர் தாம் ராஜினாமா செய்வதாக அறிவித்தார். அவர் பெயர் கீச்சிரோ டொயோடா. கம்பெனியின் பெயர் டொயோட்டா.

ஆம், இன்று நம் ஊர்ச் சாலைகளில் ஓடுகிறதே, அதே டொயோட்டாதான்! அண்மை ஆண்டுகளில் உலகத்திலேயே மிக அதிகமாகக் கார் விற்கும் கம்பெனி என்று பெயர் வாங்கியிருக்கும் அந்த ஸ்தாபனம், ஒரு காலத்தில் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லாமல் திண்டாடியது என்றால் பலர் நம்ப மாட்டார்கள்.

குடும்பத்தின் பெயர் டொயோடா. கம்பெனியின் பெயர் டொயோட்டா. இந்தச் சின்ன மாற்றத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஜப்பானிய எழுத்தில் "டொயோட்டா" என்று எழுத எட்டுக் கீற்றுகள் போதும். எட்டு அவர்களுக்கு ராசியான எண். நம்மவர்களில் பலருக்கு எட்டு என்றாலே சற்றுப் பயம். அவர்களுக்கோ அதுதான் அதிர்ஷ்டம்! ஆனால் முதல் பதின்மூன்று ஆண்டுகளில் அந்த அதிர்ஷ்டம் கம்பெனியின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

தறியிலிருந்து லாரிக்கு

கீச்சிரோவின் தந்தை சாகிச்சி டொயோடா ஒரு தச்சரின் மகன். நெசவுத் தறியில் புதுமைகள் செய்து பெயர் பெற்றவர். அவருடைய தறி ஒன்றில் ஒரு விசேஷம் இருந்தது. நூல் ஒன்று அறுந்துவிட்டால் தறி தானாகவே நின்றுவிடும். பழுதான துணி முழம் முழமாக வந்துகொண்டே இருக்காது. தறியின் பக்கத்தில் ஆள் காவல் நிற்க வேண்டியதும் இல்லை. இந்தச் சங்கதியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது திரும்பி வரப்போகிறது.

மகனுக்கு மோட்டாரில் ஆசை. 1937-ல் மோட்டார் கம்பெனியைத் தனியாகத் தொடங்கினார். மறு ஆண்டு கொரோமோவில் தொழிற்சாலை எழுந்தது. பிறகு உலக யுத்தம். 1945 ஆகஸ்டு 14-ந் தேதி, ஜப்பான் சரணடைவதை அறிவிப்பதற்கு முந்தின நாள், அந்தத் தொழிற்சாலையின் மேலும் குண்டு விழுந்து ஒரு பகுதி அழிந்தது.

யுத்தம் முடிந்ததும் லாரிகளுக்குக் கிராக்கி இருந்தது. விலைவாசி மட்டும் காட்டுத் தீயாக ஏறியது. அதை அடக்குவதற்காக 1949-ல் அமெரிக்காவிலிருந்து ஜோசப் டாட்ஜ் என்பவர் வந்தார். அவர் டெட்ராய்ட் நகரத்துப் பாங்கிக்காரர். சர்க்கார் வரவுக்கு மேல் ஒரு காசு செலவு செய்யக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒரு டாலருக்கு 360 யென் என்ற விகிதமும் அந்த ஆண்டுதான் நிர்ணயிக்கப்பட்டது.

வைத்தியம் பலித்தது. விலைவாசி ஏறுவது நின்றது. கூடவே வியாபாரமும் நின்றது! தவணையில் லாரி வாங்கியவர்கள் தவணை கட்டவில்லை. புதிதாக வாங்க ஆள் இல்லை. தொழிற்சாலை மட்டும் செய்துகொண்டே இருந்தது. லாரிகள் இருந்தன, ரொக்கம் இல்லை.

1949 முடியும் சமயம். வருஷக் கடைசிக் கணக்குகளைத் தீர்க்கச் சுமார் 20 கோடி யென் உடனே தேவைப்பட்டது. தறி செய்கிறவர்களுக்கு வேண்டுமானால் கடன் கொடுப்போம், கொல்லுப்பட்டறைக்குக் கொடுப்பதற்கில்லை என்று ஒரு பாங்கி கைவிரித்ததாக ஒரு கதை உண்டு. கடைசியில் ஜப்பான் மத்திய பாங்கியின் நகோயா கிளைத் தலைவர் தலையிட்டார். இந்தக் கம்பெனி விழுந்தால் இதற்கு உதிரிச் சாமான்கள் செய்து கொடுத்துப் பிழைக்கும் சிறு பட்டறைகளும் சேர்ந்து விழும் என்பது அவர் கவலை. பல பாங்கிகளைக் கூட்டிவைத்துப் பேசினார். கடன் கிடைத்தது.

கடனோடு நிபந்தனைகளும் வந்தன. விற்பனைக்கு என்று தனிக் கம்பெனி வைக்க வேண்டும். அந்தக் கம்பெனி விற்கக்கூடிய அளவுக்குத்தான் லாரி செய்ய வேண்டும். அதிகப்படியான ஆட்களைக் குறைக்க வேண்டும்.

மூன்றாவது நிபந்தனைதான் கீச்சிரோவைக் கொன்றது என்று சொல்ல வேண்டும். ஏனென்றால், சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு வெட்டை ஏற்றுக்கொண்டால் ஆள் குறைப்பு இருக்காது என்று அந்த டிசம்பரில்தான் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் எழுதியிருந்தார்கள். தொழிலாளர்கள் தம் பங்கைக் கொடுத்துவிட்டார்கள். நாலு மாதம் கழித்து, 1950 ஏப்ரலில், 1,600 பேர் தாமாக விலக வேண்டும் என்று கம்பெனி கேட்டது.

வேலை நிறுத்தம் வெடித்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

கீச்சிரோ தம் பதவியை விட்டார். அதன் பிறகே தொழிலாளர்களின் கோபம் தணிந்தது. ஜூன் 10-ந் தேதி சமரசம் ஏற்பட்டது. கேட்டதற்கும் அதிகமாக, 2,000 பேருக்கு மேல் வெளியேறினார்கள். ஏறக்குறைய நாலில் ஒருவர்!

இருபதே நாளில்

ராஜினாமா அறிவிப்பு ஜூன் 5-ந் தேதி. சரியாக இருபதாம் நாள், ஜூன் 25-ந் தேதி, கொரியாவில் யுத்தம் மூண்டது. அமெரிக்கப் படைக்கு அவசரமாக லாரிகள் வேண்டும். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வருவதற்குள் காலம் கடந்துவிடும். பக்கத்தில் இருப்பது ஜப்பான். ஜூலையில் டொயோட்டாவுக்கு 1,000 லாரிக்கு ஆர்டர் வந்தது. தொடர்ந்து மேலும் மேலும் வந்து, மொத்தம் 4,679 லாரிகள் ஆயின.

மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால்? இரண்டாயிரம் குடும்பங்களில் அடுப்பு அணைந்திருக்காது. கீச்சிரோவும் நாற்காலியில் இருந்திருப்பார். பக்கத்து நாட்டில் லட்சக்கணக்கான மக்கள் மாண்ட ஒரு யுத்தத்தால் பிழைத்தோம் என்பதும் பெருமைப்படக்கூடிய விஷயம் அல்ல.

"யுத்தம் வந்தது, டொயோட்டா பிழைத்தது, இதில் என்ன சாமர்த்தியம்?" என்று கேட்கலாம். பாதி நியாயமான கேள்வி. ஆனால் அந்த யுத்தத்தில் பணம் பார்த்த ஜப்பானியக் கம்பெனி டொயோட்டா ஒன்று மட்டும் அல்ல. கையில் காசு வந்த பிறகு அதை என்ன செய்தார்கள் என்பதில்தான் கதையே இருக்கிறது.

புதிய தலைவர் தைசோ இஷிதா. குடும்பத்தின் தறிக் கம்பெனியை நடத்திக்கொண்டிருந்தவர். வயது அறுபதைத் தாண்டியவர். சிக்கனத்துக்குப் பேர்போனவர். கீச்சிரோ திரும்பி வரும் வரை நாற்காலியைப் பார்த்துக்கொள்ளத்தான் வந்திருப்பதாக நினைத்தவர். நம் கோட்டையை நாமேதான் காக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பாங்கிகளின் வாசலில் நின்ற அவமானம் அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது.

ஆர்டர் குவிந்தபோது மற்றவர்களாக இருந்தால் ஆட்களைத் திமுதிமுவென்று சேர்த்திருப்பார்கள். இஷிதா நிரந்தர ஆட்களைப் பெருக்கவில்லை. யுத்தம் ஒரு நாள் நிற்கும், அப்போது இன்னொரு இரண்டாயிரம் பேரை வெளியே அனுப்ப நேரிடும் என்று அவருக்குத் தெரியும். வந்த லாபத்தைப் பழைய யந்திரங்களை மாற்றுவதில் போட்டார். 1951-ல் அதற்கென்று ஓர் ஐந்தாண்டுத் திட்டமே தொடங்கியது. அக்காலத்தில் நிஸான் கம்பெனி இங்கிலாந்தின் ஆஸ்டினோடும், ஹீனோ பிரான்சின் ரெனோவோடும் கூட்டுச் சேர்ந்தன. டொயோட்டா யாரோடும் சேராமல் சொந்தமாகவே கார் வடிவமைத்தது. 1955-ல் வெளிவந்த கிரவுன் கார் அப்படிப் பிறந்ததுதான்.

பிற்காலத்தில் டொயோட்டாவிடம் சேர்ந்த ரொக்கத்தைப் பார்த்து "டொயோட்டா பாங்கி" என்றே கேலியாகப் பெயர் வைத்தார்கள். கொல்லுப்பட்டறை என்று ஒதுக்கப்பட்ட கம்பெனிக்கு இந்தப் பட்டம்!

இட்லிக் கடைக் கணக்கு

நெருக்கடிக்கு மூல காரணம் என்ன? விற்காத சரக்கு. இதை மறக்காதவர் தைச்சி ஓனோ என்ற எஞ்சினீயர். கொரோமோவில் யந்திரப் பட்டறை அவர் பொறுப்பில் இருந்தது.

அந்த நாளில் மாதத்தின் முதல் பாதி சாமான் சேர்ப்பதிலேயே போய்விடும். போல்ட் இருக்கும், கியர் இருக்காது. கியர் வந்தால் வேறொன்று வராது. மாதக் கடைசியில் எல்லாம் வந்து சேர்ந்ததும் இரவு பகலாக ஓட்டம். மாத ஆரம்பத்தில் மறுபடி தூக்கம்.

ஓனோ இதைத் தலைகீழாகத் திருப்பினார். இட்லிக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையிலேயே முந்நூறு இட்லியை வேகவைத்துக் குவித்துவிட்டு, ஆள் வரவில்லையே என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு வழி. பந்தியில் இலை போடுவதைப் பார்த்து, எடுக்க எடுக்க அடுத்த தட்டை ஏற்றுவது இன்னொரு வழி. இரண்டாவதில் இட்லியும் சூடாக இருக்கும், மாவும் வீணாகாது.

ஓனோவுக்கு உதாரணமாகக் கிடைத்தது அமெரிக்காவின் சூப்பர் மார்க்கெட். வாங்குபவர் எடுத்துச் சென்ற அளவுக்கு மட்டும் அலமாரியில் மறுபடி அடுக்குவார்கள். அதேபோல, பின்னால் வேலை செய்பவர் முன்னால் வேலை செய்பவரிடம் வந்து, தேவையானதை, தேவையான சமயத்தில், தேவையான அளவு எடுத்துச் செல்ல வேண்டும். எடுத்த அளவுக்குத்தான் இவர் மறுபடி செய்ய வேண்டும். அடையாளத்துக்கு ஒரு சீட்டு. அந்தச் சீட்டுக்குப் பெயர் கான்பான். தேவையான சமயத்தில் தேவையான பொருள் என்ற எண்ணம் கீச்சிரோ 1938-லேயே பேசியதுதான். யுத்தத்தில் அது மறைந்து போயிருந்தது.

சாகிச்சியின் தறியும் இங்கே திரும்பி வந்தது. பழுது ஏற்பட்டால் யந்திரம் தானே நிற்க வேண்டும். யந்திரம் மட்டுமா? பழுதைக் கண்ட எந்தத் தொழிலாளியும் வேலையை நிறுத்தலாம் என்று அதிகாரம் கொடுத்தார்கள்.

யந்திரம் தானே நிற்குமானால் ஒருவர் பல யந்திரங்களைப் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா? அப்படியே செய்யச் சொன்னார் ஓனோ. தேர்ந்த கைத்தொழிலாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. வேலைச் சுமை கூடுகிறது என்று முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. எல்லாப் பட்டறைகளிலும் இந்த முறை பரவ 1960-களின் ஆரம்பம் வரை ஆயிற்று.

இதே காலத்தில் கீச்சிரோவின் உறவினர் ஏஜி டொயோடா அமெரிக்கா சென்று ஃபோர்டு தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தார். 1950 வரை பதின்மூன்று ஆண்டுகளில் டொயோட்டா செய்திருந்த பயணிகள் கார்கள் 2,685. ஃபோர்டின் அந்த ஒரு தொழிற்சாலையில் ஒரே நாளில் சுமார் 7,000 கார்! மலைத்துப்போய்த் திரும்ப வேண்டியவர், தொழிலாளர்களிடம் யோசனை கேட்கும் ஃபோர்டு வழக்கத்தைக் கொண்டுவந்தார். 1951-ல் அது டொயோட்டாவில் அமலுக்கு வந்தது.

வேலை போய்விடும் என்று பயந்துகொண்டிருப்பவர், தம் வேலையைக் குறைக்கும் யோசனையைச் சொல்வாரா? 1950-க்குப் பிறகு ஆள் குறைப்பு என்ற பேச்சே டொயோட்டாவில் தீண்டத்தகாததாக ஆகிவிட்டது. 1962-ல் நிர்வாகமும் தொழிற்சங்கமும் ஒருவரை ஒருவர் நம்பி நடப்பதாகக் கூட்டாகப் பிரகடனம் செய்தன. அந்த நம்பிக்கைக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்றால், அன்று கேட் வழியாக வெளியே நடந்த இரண்டாயிரம் பேர்தான்.

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து ஜப்பானியத் தொழில்கள் ஆட்டம் கண்டபோது, டொயோட்டா மற்றவர்களைவிடச் சீக்கிரம் நிமிர்ந்துகொண்டது. அதன் பிறகுதான் ஓனோவின் சீட்டு முறையை வெளியார் திரும்பிப் பார்த்தார்கள்.

கீச்சிரோ என்ன ஆனார்? கம்பெனி தலைநிமிர்ந்ததும், திரும்பி வருமாறு இஷிதா அவரை அழைத்தார். அவரும் சம்மதித்தார். பதவி ஏற்பதற்குள், 1952 மார்ச் 27-ந் தேதி காலமாகிவிட்டார். வயது 57. கொரோமோ என்ற ஊர் 1959-ல் டொயோட்டா நகரம் என்று பெயர் மாறியதை அவர் பார்க்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு டொயோட்டாவுக்குச் சறுக்கலே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. 2000-க்குப் பிறகு உலகெங்கும் புதுத் தொழிற்சாலைகளைத் திறந்து வேகமாகப் பெருத்தது. 2008-ல் உலகப் பண நெருக்கடி வந்தது. 2009 மார்ச்சோடு முடிந்த ஆண்டில் கம்பெனி நஷ்டம் காட்டியது. அடுத்து, வேகமுடுக்கியில் கோளாறு என்ற புகாரால் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப வாங்கிப் பழுது பார்க்க நேர்ந்தது. 2010 பிப்ரவரி 24-ந் தேதி அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் அதன் தலைவர் ஆஜராகி மன்னிப்புக் கேட்டார். ஆட்களையும் அமைப்பையும் பழக்கும் வேகத்தை மீறிக் கம்பெனி வளர்ந்துவிட்டது என்பது அவர் அங்கே கொடுத்த விளக்கம். அவர் பெயர் அக்கியோ டொயோடா. கீச்சிரோவின் பேரன்.