மேக்புக் ஏர், எம்1 சிப்புடன்
ஆப்பிள், 2020

வெளித்தோற்றத்தில் முந்தைய மாடலேதான். மாற்றமெல்லாம் உள்ளே. 2006 முதல் இன்டெல் பிராசஸரில் ஓடிவந்த மேக் கணினிகளை, தானே வடிவமைத்த ஆர்ம் வகைச் சிப்புக்கு மாற்றப்போவதாக ஆப்பிள் 2020 ஜூனில் அறிவித்தது. நவம்பரில் வெளியான முதல் மூன்று கணினிகளில் இதுவும் ஒன்று.

அடிமூடியைக் கழற்றினால் விசிறியைக் காணோம்! சூட்டைக் கடத்த ஓர் அலுமினியத் தகடு மட்டுமே. எம்1 அவ்வளவு குறைந்த மின்சாரத்தில் இயங்கியது. அதில் 1,600 கோடி டிரான்சிஸ்டர்கள். வேகத்துக்கு நான்கு கோர்கள், மின்சிக்கனத்துக்கு நான்கு. ரேமும் சிப்போடு சேர்ந்தே வந்ததால் பின்னால் கூட்டிக்கொள்ள வழியில்லை.

இன்டெலுக்காக எழுதிய மென்பொருள் புதிய சிப்பில் நேரடியாக ஓடாது. அந்தக் கட்டளைகளை எம்1 ஏற்கும் வடிவுக்கு மாற்றிக் கொடுத்தது ரொசெட்டா 2. பழைய செயலிகள் பெரும்பாலும் அப்படியே திறந்தன. இந்த மாற்றத்தின் பெரிய சாதனை இதுவே. விண்டோஸை நேரடியாக நிறுவ உதவிய பூட் கேம்ப் வசதி மட்டும் இதில் இல்லை.

மேக் கணினிகளில் கடைசியாக மேக் புரோ 2023 ஜூனில் ஆப்பிள் சிப்புக்கு மாறியது.