கட்டைவிரல் ஆபரேஷன்: கட்டுப் பிரித்த பிறகுதான் பாதி வேலை இருக்கிறது!

கதவுச் சாவியைத் திருகும்போது சுருக்கென்று ஒரு வலி. பாட்டில் மூடியைத் திறக்கப் பேரனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. குக்கரைத் தூக்கினால் கை தானாக நழுவுகிறது. ஐம்பதைத் தொட்ட பல பெண்களுக்குக் கட்டைவிரல் அடிமூட்டுத் தேய்மானம் இப்படித்தான் அறிமுகமாகிறது.

தென்காசியை ஒட்டியிருக்கும் குத்துக்கல்வலசையில் இந்த வலிக்கு இன்னொரு கனமும் உண்டு. சுற்றுவட்டாரம் முழுக்க பீடி சுற்றும் பூமி. மடியில் சுளகு, கையில் கத்தரி. இலையை வெட்டி, தூளை வைத்து, கட்டைவிரலால் உருட்டி, முனையை மடக்கி, நூலால் கட்ட வேண்டும். கூலியே ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. அந்த ஆயிரத்தையும் உருட்டுவது கட்டைவிரல். குற்றாலத்துச் சாரல் விழும் நாள்களில் கை குடைந்தால் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, ‘வயசாயிட்டுல்லா’ என்று தள்ளிப்போடுவதுதான் வழக்கம்.

தள்ளிப்போட முடியாமல் ஒருநாள் ஆபரேஷன் வரை போனவர்களுக்கு அடுத்த கேள்வி காத்திருக்கிறது. ஜாக்கெட் கொக்கியை மறுபடி நானே மாட்டிக்கொள்வது எப்போது?

ஒரு கிலோ, 12 கிலோ ஆகும் இடம்

கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி டிரபீசியம் என்றொரு சின்ன எலும்பு இருக்கிறது. அதன்மேல் கட்டைவிரல் எலும்பு, குதிரைச் சேணத்தில் ஆள் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் கட்டைவிரலை எல்லாப் பக்கமும் திருப்பி, மற்ற நான்கு விரல்களையும் தொட முடிகிறது. அந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலையும் உண்டு. விரல் நுனியில் ஒரு கிலோ அளவுக்கு அழுத்திக் கிள்ளினால், அடிமூட்டில் சுமார் 12 கிலோ அழுத்தம் விழுகிறது.

இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தைபோல இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டால் எலும்போடு எலும்பு உரசும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இது அதிகம் வருகிறது. பீடி சுற்றுவது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. வயது, குடும்ப வாகு, பழைய அடி என்று பலதும் சேர்கின்றன. ஆனால், ஏற்கெனவே தேய்ந்த மூட்டை நாள் முழுக்கக் கிள்ள வைத்தால் வலி கூடத்தான் செய்யும்.

கட்டைவிரலின் மதிப்பு சட்டத்துக்கும் தெரியும். வேலையில் ஏற்படும் விபத்துக்கு இழப்பீடு தந்த 1923-ம் வருடச் சட்டம், ஒரு கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவிகிதம் போனதாகக் கணக்கிட்டது. ஒரு கையில் மூன்று விரல்கள் போனாலும் அதே 30 சதவிகிதம்தான்.

கத்தி கடைசியில்தான்

மருத்துவர்கள் எடுத்த எடுப்பில் ஆபரேஷனைச் சொல்வதில்லை. முதலில் கட்டைவிரலுக்கு ஓய்வு தரும் ஸ்ப்ளின்ட், வலி மருந்து, பயிற்சி, வேலை செய்யும் விதத்தில் மாற்றம். தேவைப்பட்டால் மூட்டில் ஊசி. இவை எதற்கும் அடங்காமல் தூக்கத்தையே வலி கெடுக்கும்போதுதான் ஆபரேஷன் பற்றிய பேச்சு வரும்.

உலகம் முழுக்க அதிகம் செய்யப்படுவது, தேய்ந்த டிரபீசியம் எலும்பை எடுத்துவிடும் முறை. சில மருத்துவர்கள் அந்த இடத்தில், கையிலிருந்தே எடுத்த தசைநாரைச் சுருட்டி வைத்து, கட்டைவிரலைத் தாங்கிப் பிடிக்கவும் செய்வார்கள். சிலருக்கு மூட்டையே அசையாமல் இணைத்துவிடுவதும், செயற்கை மூட்டு வைப்பதும் உண்டு. யாருக்கு எது என்பதை வயதும் வேலையும் தீர்மானிக்கும். அதனால், ‘நான் பீடி சுத்துறவ’, ‘நான் தையல்காரி’ என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வேலூர் கற்ற பாடம்

கையைச் சரிசெய்தால் மட்டும் போதாது என்பதை 70 வருடங்களுக்கு முன்பே கண்டுகொண்ட இடம் வேலூர். கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி-யில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை 1940-களின் இறுதியில் ஆபரேஷன் செய்து நிமிர்த்தத் தொடங்கினார். நோய் வேறுதான். ஆனால், அடுத்து நடந்ததைக் கை ஆபரேஷன் செய்துகொண்ட எல்லோரும் தெரிந்துகொள்ளலாம்.

விரல் நிமிர்ந்து ஊருக்குப் போனவர்கள் சிலர் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். நல்ல கையைப் பார்த்து யாரும் பிச்சை போடவில்லை. அந்தக் கைக்கு வேலையும் தெரியவில்லை. அதன் பிறகுதான், மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே ‘நவ ஜீவ நிலையம்’ உருவானது. கிராமத்துக் குடிசைகள் போன்ற வீடுகளில் தங்கி, தச்சு வேலையும் பொம்மை செய்வதும் பழகியபடியே அவர்கள் தங்கள் கையைத் திரும்பக் கற்றார்கள்.

அறுவை அரங்கில் சரியாவது எலும்பும் நாரும். கை தன் வேலையைத் திரும்பக் கற்பது அதற்குப் பிறகு.

அவசரப்பட்டால் ஆகாது

* முதல் இரண்டு வாரம்: கட்டோடு கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்திருக்க வேண்டும். மற்ற விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே இருந்தால் வீக்கம் வடியும். தையல் பிரிப்பது பெரும்பாலும் 10 முதல் 14 நாள்களில்.
* 4 முதல் 6 வாரம் வரை: கட்டோ ஸ்ப்ளின்ட்டோ இருக்கும். பயிற்சி எப்போது தொடங்கும் என்பது மருத்துவருக்கு மருத்துவர் மாறும்.
* 6 வாரத்துக்குப் பிறகு: தட்டு எடுப்பது, தலை வாருவது, பட்டன் போடுவது என்று லேசான வேலைகள்.
* 3 மாதத்தை ஒட்டி: துணி பிழிவது, மூடி திருகுவது போன்றவை மெதுவாக.
* 6 மாதம் முதல் ஒரு வருடம்: கிள்ளும் பலம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். வலி சீக்கிரம் குறையும். பலம் தாமதமாகத்தான் வரும்.

காய்ச்சல், காயத்தில் சீழ், விரல் நீலமாவது, குறையாத மரத்துப்போதல், நாளுக்கு நாள் கூடும் கடுமையான எரிச்சல்... இவற்றில் எது இருந்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது.

வீட்டில் நடக்கும் இரண்டு தவறுகள்

கட்டுப் பிரித்த அன்றே, ‘அதான் பிரிச்சாச்சுல்லா, சுளகை எடுக்க வேண்டியதுதானே’ என்று கேட்கும் வீடுகள் உண்டு. ஆறாத நாருக்கு அது ஆபத்து. இன்னொரு வகை வீட்டில், ‘நீ ஒண்ணும் தொடாத ஆச்சி’ என்று மாதக்கணக்கில் எல்லா வேலையையும் பறித்துவிடுவார்கள். பாசம்தான். ஆனால், அசைக்காத விரல் இறுகிவிடும். தனக்கு இனி வேலையில்லை என்ற எண்ணம் மனதையும் இறுக்கிவிடும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. கடாயைத் தூக்க மட்டும் உதவுங்கள், தாளிப்பதை அவரிடமே விட்டுவிடுங்கள். பின்பக்கக் கொக்கிக்குப் பதில் முன்பக்கம் ஒட்டும் பட்டை வைத்த ஜாக்கெட் தைத்துக் கொடுங்கள். கரண்டி, கத்தியின் கைப்பிடியில் துணியைச் சுற்றித் தடிமனாக்கினால் விரல் அதிகம் கிள்ள வேண்டியதில்லை. மூடியை ரப்பர் துண்டால் பிடித்து, உள்ளங்கையால் திருகலாம். சாவியில் ஒரு மரத்துண்டை மாட்டினால் திருப்புவது சுலபம். குடத்தை இரண்டு கையாலும் அணைத்து எடுக்கலாம்.

பீடிக்கூலியை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இதில் ஒரு கணக்கும் உண்டு. குறைந்தது மூன்று மாதமாவது அந்த வருமானம் இல்லாமல் சமாளிக்க வேண்டியிருக்கும். ஆபரேஷன் தேதியைக் குறிப்பதற்கு முன்பே குடும்பமாக உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. சுளகுக்குத் திரும்பினாலும் முதல் நாளே ஆயிரம் வேண்டாம். அரை மணி நேரம் சுற்றிவிட்டுக் கைக்கு ஓய்வு கொடுத்துப் பார்க்கலாம். பழைய வேகம் எல்லோருக்கும் திரும்பும் என்று சொல்ல முடியாது.

ஆய்க்குடி அறிந்த உண்மை

குத்துக்கல்வலசைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது ஆய்க்குடி. பொறியியல் மாணவராக இருந்த எஸ்.ராமகிருஷ்ணன், கடற்படைத் தேர்வுக்காக 1975-ல் பெங்களூரு போனபோது கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே அசைவை இழந்தார். 1981-ல் அவர் சொந்த ஊரில் தொடங்கிய அமர் சேவா சங்கம் மாற்றுத்திறனாளிகளின் மறுவாழ்வுக்காக இயங்குகிறது. 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

கட்டைவிரல் வலி அத்தனை பெரிய இழப்பு இல்லை. என்றாலும், அவர் வாழ்க்கை சொல்வது இங்கேயும் பொருந்தும். உதவி வாங்குவதால் சுதந்திரம் போய்விடாது. எதை நாமே செய்வது, எதற்கு உதவி கேட்பது என்று முடிவெடுக்கும் உரிமை நம் கையில் இருக்க வேண்டும்.

ஆகவே, ஆபரேஷனுக்குப் பிறகு ‘வலி குறைஞ்சிட்டா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘இன்னைக்கு நீங்களா என்ன செஞ்சீங்க?’ என்றும் கேளுங்கள். ‘நானே தலை வாரிக்கிட்டேன்’ என்று பதில் வரும் நாளில், கை திரும்பி வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.