வழங்கியைப் புதுப்பித்தலும் அகரவரிசைச் சிக்கலும்

பள்ளிகளும் சங்கங்களும் தமக்கெனச் சிறியதொரு வழங்கிக் கணினியை வைத்துக்கொள்வது இந்நாளில் அருமையன்று. மாணவர் பதிவு, நூலகப் பட்டியல், ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்த சொற்றொகை ஆகியவை அதனுள் அடங்கியிருக்கும். மூலையில் ஓசையின்றி ஓடும் அப்பொறியைப் பற்றி எவரும் எண்ணுவதில்லை. அதன் இயங்குதளத்திற்கும் ஆயுட்காலம் உண்டு என்பது, அக்காலம் கடந்த பின்னரே பலர்க்கும் தெரிய வருகின்றது. டெபியன் ஒன்பதாம் பதிப்பு 2017இல் வெளிவந்தது. அதற்குரிய நீண்டகாலப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 ஜூனில் நின்றன. 2019இல் வந்த பத்தாம் பதிப்புக்கு 2024 ஜூனில் அந்நிலை நேர்ந்தது. சென்ட்ஓஎஸ் ஏழாம் பதிப்பும் அதே திங்களில் முடிவுற்றது. திருத்தம் பெறாத வழங்கியை இணையத்தில் திறந்து வைத்திருத்தல், தாழ்ப்பாள் கழன்ற கதவை நம்பி உறங்குவதை ஒக்கும். ஆதலின், புதுப்பித்தே ஆகவேண்டும்.

புதுப்பித்தல் இரு வகைப்படும். வேறொரு பொறியில் புதிய இயங்குதளத்தை நிறுவி, பண்டங்களை அங்கே மாற்றிக்கொள்வது ஒன்று. இருந்த இடத்திலேயே பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டுவது மற்றொன்று. பின்னது, தோட்டத்து லயத்தில் குடும்பம் குடியிருக்கும்போதே கூரைத் தகரத்தை மாற்றுவது போன்றது. செலவு குறைவு; ஆனால் மழை வந்தால் நனைவது வீட்டுக்காரரே. இரண்டாவது பொறி வாங்கப் பணமில்லாத நம்மனோர்க்குப் பெரும்பாலும் இதுவே வழி.

இம்முறைக்குரிய முன்னேற்பாடுகளைச் சுருங்கக் கூறுவோம். டெபியனில் படி தாண்டக் கூடாது. ஒன்பதிலிருந்து பத்து, பத்திலிருந்து பதினொன்று என ஒவ்வொரு படியாகவே ஏறவேண்டும். ஒன்பதாம் பதிப்பின் பொதிகள் இப்போது ஆவணக் கிடங்கில் உள்ளமையால், பொதி மூலங்களைக் குறிக்கும் கோப்பில் அம்முகவரியை இடவேண்டும். பிறர் கிடங்குகளிலிருந்து பெற்ற பொதிகளை முன்னரே கண்டறிந்து, அக்கிடங்குகளை நிறுத்தி வைத்தல் நன்று. தொலைவிலிருந்து வேலை செய்வோர், இணைப்பு அறுந்தாலும் வேலை அறாதபடி டிமக்ஸ் போன்ற திரைக்காப்பு நிரலுக்குள் இருந்து செய்க. பத்திலிருந்து பதினொன்றுக்குச் செல்கையில் பாதுகாப்புக் கிடங்கின் பெயரமைப்பே மாறிவிட்டது. பதிப்பின் பெயரை மட்டும் மாற்றியோர்க்கு ‘கிடைக்கவில்லை’ என்னும் 404 பிழை தோன்றும். பத்தாம் பதிப்பில் வலையட்டையின் பழைய பெயர் மாறி, மறுதொடக்கத்திற்குப் பின் வழங்கி ஊமையாய்ப் போவதும் உண்டு. இவையெல்லாம் கூவி அழைக்கும் பிழைகள். கூவுகின்ற பிழையைத் திருத்துவது பெரிய வித்தையன்று. செய்தியைப் பொறுமையாகப் படித்தால் பாதி வேலை முடிந்தது. கூவாத பிழை ஒன்று உண்டு. அதனையே ஈண்டு விரிவாகக் காண்போம்.

புதுப்பித்தல் இனிதே முடிந்தது, செந்நிறச் செய்தி ஒன்றும் இல்லை, வழங்கி எழுந்து நிற்கிறது, பக்கங்கள் திறக்கின்றன. ஆனால் சொற்றொகையில் ‘பறவை’ என்னும் சொல்லைத் தேடினால், ‘அத்தகைய சொல் இல்லை’ என்று விடை வருகிறது. பட்டியலை முழுவதும் விரித்துப் பார்த்தாலோ, அச்சொல் இருந்த இடத்திலேயே இருக்கிறது! இஃது எவ்வாறு நேரும்?

அகராதியில் சொல் தேடும் முறையை நாம் மாணவர்க்குக் கற்பிக்கிறோம் அன்றோ? நூலின் நடுவே திறக்கிறோம். நாம் தேடுவது அங்குள்ள சொல்லுக்கு முன்னதா பின்னதா என்று பார்க்கிறோம். ஒரு பாதியைத் தள்ளிவிட்டு மறுபாதியின் நடுவைத் திறக்கிறோம். இம்முறையால் ஓரிலக்கம் சொற்களுள் ஒன்றைப் பதினேழு பார்வைக்குள் கண்டுபிடித்துவிடலாம். தரவுத்தளமும் ஏறக்குறைய இவ்வாறே செய்கிறது. அதற்கென அது வரிசைப்படுத்தி வைத்துள்ள துணைப்பட்டியலை அடைவு என்போம். இம்முறை முழுவதும் ஒரே நம்பிக்கையின்மேல் நிற்கிறது: அடுக்கியவர் கொண்ட வரிசையும் தேடுபவர் கொண்ட வரிசையும் ஒன்றே என்பதே அந்நம்பிக்கை. வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியை இயற்றியபோதும், அதனைப் புரட்டுபவர் நெடுங்கணக்கு அறிந்தவர் என்னும் துணிவின்மேலேயே அடுக்கினார்.

இவ்விரு வரிசைகளும் வேறுபட்டால் நேர்வது என்ன? தமிழிலேயே ஓர் எடுத்துக்காட்டுக் காட்டலாம். நம் நெடுங்கணக்கில் மெய்கள் ‘ய ர ல வ ழ ள ற ன’ என முடிகின்றன. கணினியின் ஒருங்குறி அட்டவணையோ இந்திய மொழிகள் பலவற்றிற்கும் பொதுவாக வகுத்த ஓர் ஒழுங்கைப் பின்பற்றியது. அதில் னகரம் நகரத்தை அடுத்து அமர்ந்துள்ளது. பின்னர் ‘ப ம ய ர ற ல ள ழ வ’ என வரும். இவ்வட்டவணையைத் தமிழ் வரிசை என்று எண்ணி மயங்குவோர் நம்முள்ளும் உளர். அது வெறும் இருக்கை எண்ணேயன்றி வரிசை முறையன்று.

இனி, நெடுங்கணக்கு முறையில் ஐந்து சொற்களை அடுக்குக: பலகை, பலம், பழம், பள்ளம், பறவை. குறியெண் வரிசையை மட்டும் அறிந்த ஒருவரிடம் இப்பட்டியலைக் கொடுத்துப் ‘பறவை’யைத் தேடச் சொல்க. அவர் நடுவே பார்க்கிறார், ‘பழம்’ நிற்கிறது. அவர் கணக்கில் றகரம் ழகரத்திற்கு முந்தியது. ஆகவே பின்பாதியைத் தள்ளிவிட்டு முன்பாதிக்குச் செல்கிறார். அங்கே ‘பலம்’, ‘பலகை’. றகரம் லகரத்திற்கும் முந்தியது, இன்னும் முன்னே செல்கிறார், ஒன்றும் இல்லை. ‘இல்லை’ என்று மெய்யாகவே நம்பிச் சொல்கிறார். அவர் பொய் சொல்லவில்லை; பட்டியலும் கெடவில்லை; வரிசை பற்றிய உடன்பாடு மட்டுமே முறிந்தது.

டெபியன் ஒன்பதிலிருந்து பத்துக்குச் சென்ற வழங்கிகளில் இத்தகையதோர் முறிவு உண்மையிலேயே நேர்ந்தது. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளம் சொற்களின் முன்பின்னைத் தானே முடிவு செய்யாமல், பெரும்பாலும் இயங்குதளத்தின் அடிப்படையான குனூ சி நூலகத்தையே கேட்கும். 2018 ஆகஸ்டில் வந்த அந்நூலகத்தின் 2.28ஆம் பதிப்பில், அனைத்துலகத் தரமான ஐஎஸ்ஓ 14651ஐ ஒட்டி வரிசை விதிகள் பெரிய அளவில் திருத்தப்பட்டன. டெபியன் ஒன்பதில் இருந்தது 2.24, பத்தில் வந்தது 2.28. உபுண்டு 18.04இலிருந்து 20.04க்கும், ரெட் ஹாட் ஏழிலிருந்து எட்டுக்கும் செல்வோர் கடப்பதும் இதே எல்லைதான்.

இது பிறமொழி எழுத்துகளுக்கு மட்டும் உரியது என்று கருதற்க. அமெரிக்க ஆங்கில அமைப்பில் ‘11’, ‘1-1’ என்னும் இரண்டையும் வரிசைப்படுத்தும் கட்டளைக்குக் கொடுத்தால், பழைய நூலகம் 11ஐ முன்னே வைக்கும். புதியது 1-1ஐ முன்னே வைக்கும். நூலக எண்ணிலும் மாணவர் பதிவெண்ணிலும் இணைகோடு இடுவது பள்ளிகளின் வழக்கம். எண்ணாகவும் நாளாகவும் பதிந்த கட்டங்களுக்குத் தீங்கில்லை. எழுத்தாகப் பதிந்தவற்றின் அடைவுகளுக்கே தீங்கு.

தேடியது கிடைக்காமற் போவது இதன் சிறிய தீமையே. பெரிய தீமை பின்னர் வரும். மாணவி ஒருத்தியின் பதிவெண்ணைத் தேடிய எழுத்தர் ‘இல்லை’ என்னும் விடை கண்டு புதிதாகப் பதிகிறார். ஒரே எண் இருமுறை வரலாகாது என்று தரவுத்தளத்திற்கு விதி உண்டு. ஆயினும் அவ்விதியைக் காப்பதும் அதே அடைவுதான். அது ‘இல்லை’ என்று சொல்ல, இரண்டாம் பதிவும் உள்ளே நுழைகிறது. அன்றுமுதல் ஒன்றில் வருகையும் மற்றொன்றில் மதிப்பெண்ணுமாகப் பிள்ளையின் வரலாறு இரண்டாகப் பிளந்து வளர்கிறது. ஆண்டிறுதி அறிக்கையில் பாதி மதிப்பெண் காணாமற் போகும்போது, அதை இயங்குதளப் புதுப்பித்தலோடு இணைத்துப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

கண்டறியும் வழி இது. ஐயமுள்ள சொல்லை வழக்கம்போல் ஒருமுறை தேடுக. பின்னர் அடைவைப் பயன்படுத்தாதபடி தரவுத்தளத்திற்கு ஆணையிட்டு, முழுப் பட்டியலையும் படிக்கச் செய்து மறுமுறை தேடுக. இரு விடைகளும் வேறுபட்டால் நோய் உறுதி. போஸ்ட்கிரெஸ் பத்தாம் பதிப்பு முதல் ஏம்செக் என்னும் துணைக்கருவி உடன் வருகிறது. அடைவில் வரிசை பிறழ்ந்த இடத்தை அது சுட்டும். பதினைந்தாம் பதிப்பு முதல், அதாவது 2022 முதல், தரவுத்தளம் தான் பிறந்தபோது இருந்த வரிசை விதியின் பதிப்பைக் குறித்துவைத்து, அது மாறினால் எச்சரிக்கும். அவ்வெச்சரிக்கையை அடக்கவும் ஒரு கட்டளை உண்டு. அடைவைச் சீர்செய்யாமல் அக்கட்டளையை மட்டும் இடுவது, காய்ச்சல்மானியை உடைத்துக் காய்ச்சல் தீர்ந்தது என்பதாகும்.

மருந்து, அடைவுகளை மீண்டும் கட்டுதல். ரீஇண்டெக்ஸ் என்னும் ஒரே கட்டளை போதும். பயனர் இல்லாத இரவு வேளையில் இடுக. ஆனால் இரட்டைப் பதிவுகள் முன்னரே நுழைந்திருந்தால், தனித்தன்மை காக்கும் அடைவைக் கட்ட மறுத்துக் கட்டளை நின்றுவிடும். அடைவைப் புறக்கணித்து எண்ணச் செய்து, இரட்டைகளைப் பட்டியலிட்டு, எதை வைப்பது, எதை அதனோடு சேர்ப்பது என்று மனிதரே முடிவு செய்தல் வேண்டும். அம்மாணவியை அறிந்த ஆசிரியரை அருகில் அமர்த்திக்கொண்டு செய்க. கணினி அறிந்தவர் மட்டும் செய்யத்தக்க வேலையன்று இது.

நோய் வருமுன் காப்பதற்கு, பழைய இயங்குதளம் ஓடும்போதே தரவு முழுவதையும் எழுத்து வடிவில் எடுத்து வேறிடத்தில் வைக்கவேண்டும். அவ்வடிவில் அடைவின் உள்ளடுக்கு இராது. புதிய இடத்தில் ஏற்றும்போது அடைவுகள் புதிய விதிப்படியே எழும். கோப்புகளை அப்படியே நகர்த்தும் முறை விரைவானதுதான். ஆனால் அது பழைய அடைவையும் சேர்த்தே சுமந்து வரும். இங்கே இன்னொரு குழப்பத்தையும் குறிப்பிடுதல் தகும். டெபியன் பத்தில் பழைய போஸ்ட்கிரெஸ் 9.6உம் புதிய 11உம் அருகருகே ஓடக்கூடும். பழையது 5432ஆம் வாயிலிலும், வெறுமையான புதியது 5433ஆம் வாயிலிலும் நிற்கும். ‘தரவெல்லாம் போயிற்று’ என்று அலறுமுன் எந்த வாயிலைத் தட்டினோம் என்று பார்க்க.

2024இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் 17, இயங்குதளத்தைக் கேளாமல் தன்னகத்தே கொண்ட குறியெண் வரிசையைப் பயன்படுத்தவும் வழி செய்துள்ளது. தமிழாசிரியர்க்கு அவ்வரிசை உவப்பாயிராது. அகராதியில் ‘பறவை’ ‘பலகை’க்கு முன் வந்தால் நம் கண் உறுத்தும். என் கருத்தில், சேமிக்கும் அடைவு அவ்வாறே இருக்கட்டும்; பட்டியலைத் திரையில் காட்டும்போதும் அச்சிடும்போதும் மட்டும் நெடுங்கணக்கு வரிசையைக் கேட்டுப் பெறலாம். சொற்றொகை மிகப் பெரியதாயின் அப்போதைக்கப்போது அடுக்குவதற்குச் சில நொடிகள் கூடுதலாகும். பள்ளி வழங்கிகளில் அந்த அளவு சொற்கள் இருப்பதில்லை.