முதற்பதிப்புக் குறுந்தகடுகள்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர் சென்றால் பொன்முடி மலையை அடையலாம். கல்லாற்றைக் கடந்த பின் 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் உள்ள அம்மலையை ஆண்டின் பெரும்பகுதி மூடுபனி சூழ்ந்திருக்கும். இரண்டு பருவமழைகளும் அங்கே பெய்கின்றன. காண்போர் கண்ணுக்கு இனிய இந்த ஈரக் காற்று, நூல்களுக்கும் துணிமணிகளுக்கும் நிழற்படங்களுக்கும் பகையானது. அம்மலையின் அடிவாரத்து இல்லம் ஒன்றில், சென்ற மழைக்காலத்தில் நான் கண்ட ஒரு மரப்பெட்டியே இவ்வுரைக்குக் காரணம்.

அவ்வில்லத்துப் பெரியவர் கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்தவர். வணிகக் கப்பலில் வானொலி அலுவலராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். 1980-களில் அவருடைய கப்பல் யோக்கோகாமாவிலும் கோபேயிலும் நிற்கும்போதெல்லாம் கடைத்தெருவுக்குச் சென்று, மேனாட்டு ராக் இசையும் ஜாஸ் இசையும் அடங்கிய குறுந்தகடுகளை வாங்கி வருவது அவர் வழக்கம். அவர் மறைந்து ஓராண்டு கழிந்த பின், அவருடைய துணைவியார் என்னை அழைத்தார்.

"தம்பி, நீங்கள் மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பவர். இதிலெல்லாம் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். பழைய சாமான் எடுக்கிறவர் பெட்டியோடு 200 ரூபாய் தருகிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா?"

நான் மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளன். ஜப்பானிய மொழி அறியேன். ஆயினும் குறுந்தகடுகளைத் தேடிச் சேர்ப்பதில் எனக்குப் பல்லாண்டுப் பழக்கம் உண்டு. பெட்டியில் 63 தகடுகள் இருந்தன. அவற்றுட் பெரும்பாலானவை, சேகரிப்போர் 'ஜப்பானிய முதற்பதிப்பு' என்று போற்றித் தேடும் வகையைச் சேர்ந்தவை. அவ்வாறு போற்றப்படுவது ஏன்? அப்போற்றுதலில் எவ்வளவு உண்மை உள்ளது? இவற்றை விளக்கினால், நேயர்கள் தத்தம் வீட்டுப் பரணில் உள்ள பெட்டிகளையும் புதிய கண்கொண்டு நோக்கக் கூடும்.

ஓரிடத்தில் பாடியதை வேறொரு நாட்டில் அச்சிடுவது நமக்குப் புதிய செய்தியன்று. 1902-ஆம் ஆண்டு நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் புகழ்பெற்ற பாடகியின் குரலை பிரெட் கெய்ஸ்பெர்க் பதிவு செய்தார். அம்மூலத் தட்டுகள் கடல் கடந்து ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குச் சென்று, அங்கே இசைத்தட்டுகளாக அச்சாகி, மீண்டும் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தன. 1908-இல் கல்கத்தாவின் சியால்தாவில் ஓர் ஆலை தொடங்கிய பின்னரே நம் நாட்டு இசை நம் நாட்டில் அச்சாயிற்று. 80 ஆண்டுகள் கழிந்து 1982 ஆகஸ்டில், அதே ஹானோவரை அடுத்த லாங்கன்ஹாகனில் குறுந்தகடுகள் விற்பனைக்காக அச்சாகத் தொடங்கியது வியப்பிற்குரிய ஒற்றுமையாகும்.

எனினும் குறுந்தகடு முதன்முதலாகக் கடைக்கு வந்த நாடு ஜப்பான். 1982 அக்டோபர் 1-ஆம் நாள் சோனி நிறுவனத்தின் முதற் கருவி 1,68,000 யென் விலையில் அங்கே விற்பனைக்கு வந்தது. அதனுடன் வெளியான தகடுகளில் 35டிபி-1 என்னும் முதல் எண்ணைப் பெற்றது, பில்லி ஜோயலின் '52-ஆம் தெரு' என்னும் தொகுப்பு. அமெரிக்காவில் குறுந்தகடு 1983-இல் அறிமுகமானது. ஆனால் இண்டியானா மாநிலத்தின் டெர்ரே ஹோட் நகரில் அந்நாட்டின் முதல் ஆலை திறக்கப்பட்டது 1984-இலேதான். அதுவரை அமெரிக்கர் தம் நாட்டுப் பாடகரின் குறுந்தகட்டை வாங்கினாலும், அது பெரும்பாலும் ஜப்பானிலோ ஜெர்மனியிலோ அச்சானதாகவே இருந்தது. ஆகவே, ராக், ஜாஸ் இசையின் புகழ்பெற்ற தொகுப்புகள் பலவற்றின் முதற் குறுந்தகடு ஜப்பானிலேயே பிறந்தது. இதுவே அத்தகடுகளைத் தேடுவதற்கு முதற் காரணம்.

இரண்டாவது காரணம் அவ்வூர் மக்களின் செவி. போருக்குப் பிந்தைய ஜப்பானில் அயல்நாட்டு இசைத்தட்டுகள் எளியோர் வாங்கும் விலையில் இல்லை. ஆதலின் ஜாஸ் காப்பிக் கடைகள் பெருகின. ஒரு கோப்பை காப்பியை வாங்கி வைத்துக்கொண்டு, பேச்சை விடுத்து, உயர்ந்த ஒலிபெருக்கிகளில் இசைத்தட்டைக் கேட்பதே அக்கடைகளின் மரபு. அத்தகைய நேயர்களுக்காக அச்சிட்ட நிறுவனங்கள், தகட்டிலும் அட்டையிலும் மிகுந்த கவனம் செலுத்தியதில் வியப்பில்லை.

இனி, குறுந்தகடு இயங்கும் முறையைச் சிறிது காண்போம். ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 இலக்கமுள்ள இரும எண்ணாகக் குறிக்கின்றனர். அந்த எண்கள் நுண்ணிய பள்ளங்களாக மாறி, 12 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள தகட்டில் உள்ளிருந்து வெளியே செல்லும் சுருள் வரியாக அமைகின்றன. அவ்வரியை நீட்டினால் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளும். பள்ளங்களின் மீது மெல்லிய அலுமினியப் பூச்சும், அதன் மீது காப்புப் பூச்சும் உண்டு. லேசர் ஒளி அடியிலிருந்து அவ்வரியைப் படிக்கிறது. சிறு கீறலால் சில எண்கள் மறைந்தாலும், அவற்றைக் கணக்கிட்டு மீட்கும் ஏற்பாடு அதிலேயே உள்ளது.

இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவாக்க வேண்டும். ஒரே எண்வரிசை இரண்டு ஆலைகளில் அச்சானால், இரண்டிலிருந்தும் அதே எண்களே கிடைக்கும். ஜப்பானிய மண்ணில் அச்சானது என்பதனால் மட்டும் இசை இனிமை பெறாது. அப்படியாயின் வேறுபாடு எங்கே உள்ளது? மூல ஒலிநாடாவிலிருந்து அந்த எண்களை உருவாக்கிய பணியில் உள்ளது.

என் தொழிலிலிருந்து ஓர் உவமை கூறலாம். ஒலிநாடா மூலநூல், குறுந்தகடு அதன் மொழிபெயர்ப்பு. ஒரே நூலுக்குப் பல மொழிபெயர்ப்புகள் இருப்பது போல, ஒரே தொகுப்புக்கும் 1983, 1994, 2009 என்று வெவ்வேறு காலத்துப் பெயர்ப்புகள் உள்ளன. தொடக்க காலத்துப் பொறியாளர்கள் பெரும்பாலும் நாடாவில் உள்ளதை உள்ளவாறே எண்களாக மாற்றினர். 1990-களுக்குப் பின், கேட்போரை உடனே ஈர்க்க வேண்டும் என்னும் நோக்கத்துடன் மெல்லிய ஒலியையும் உரத்த ஒலியையும் ஏறத்தாழ ஒரே மட்டத்திற்கு உயர்த்தும் வழக்கம் பரவிற்று. மேளம் அதிரும் இடத்திற்கும் வீணை நரம்பு மீட்டி ஓயும் இடத்திற்கும் வேறுபாடு இல்லையேல் கச்சேரி என்னாகும் என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம். அந்த ஏற்ற இறக்கம் குலையாமல் இருப்பதே பழைய தகடுகளின் சிறப்பு.

ஆனால் முந்தியது யாவும் சிறந்தது எனக் கொள்வதும் பிழை. ஜப்பானிய நிறுவனங்கள் பலவற்றுக்குக் கிடைத்தது மூல நாடாவன்று. லண்டனிலிருந்தோ நியூயார்க்கிலிருந்தோ வந்த படியே. மயில்ஸ் டேவிஸ் 1959-இல் பதிவு செய்த 'கைண்ட் ஆஃப் ப்ளூ' என்னும் ஜாஸ் தொகுப்பின் வரலாற்றைப் பாருங்கள். பதிவின் முதல் நாளன்று ஒலிப்பதிவுக் கருவி சற்று மெதுவாகச் சுழன்றது. ஆகவே அந்நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டியபோது, முதல் மூன்று பாடல்களும் சற்றே சுருதி உயர்ந்து ஒலித்தன. பல்லாண்டுகள் இப்பிழை தட்டுக்குத் தட்டு தொடர்ந்தது. 1992-இல்தான், அன்று சரியான வேகத்தில் ஓடிய மற்றொரு கருவியின் நாடாவைக் கொண்டு திருத்திய பதிப்பு வந்தது. அதற்கு முந்திய குறுந்தகடுகள் பிழையான படியை உண்மையாக மொழிபெயர்த்தவை! பெரியவரின் பெட்டியில் இத்தொகுப்பும் இருந்தது. கேட்டு மகிழ வேண்டுவோர்க்குத் திருத்திய பதிப்பே ஏற்றது என்று அம்மையாரிடம் கூறினேன்.

மற்றொரு செய்தியும் உண்டு. அக்காலத் தகடுகள் சிலவற்றில், இரைச்சலைக் குறைக்கும் பொருட்டு உயர்ந்த சுரங்களை வேண்டுமென்றே கூட்டிப் பதிவு செய்தனர். கேட்கும் கருவி அக்குறிப்பை உணர்ந்து, கூட்டிய அளவைக் குறைத்துக் கொள்ளும். இக்காலக் கணினியில் அத்தகட்டைப் படி எடுக்கும்போது இக்குறிப்பு விடுபட்டுப் போவதுண்டு. அப்போது இசை கீச்சிட்டு ஒலிக்கும். தகடு பழுது என்று எறிந்துவிடுதல் கூடாது.

முதற்பதிப்பை அடையாளம் காண்பது எப்படி? ஜப்பானிய வெளியீடுகளின் அட்டைப் பக்கத்தில் ஒரு காகிதப் பட்டை சுற்றியிருக்கும். கிமோனோ உடையின் இடைக்கச்சையை ஒத்திருப்பதால் அதற்கு 'ஓபி' என்று பெயர். அதில் எண்ணும் விலையும் அச்சிட்டிருக்கும். எண்ணில் உள்ள 35 பெரும்பாலும் 3,500 யென் என்னும் விலையைக் குறிக்கும். 32 என்றால் 3,200 யென். ஜப்பானில் நுகர்வு வரி 1989 ஏப்ரலில் வந்தது. ஆதலின் வரி சேர்ந்த விலையும் வரி நீங்கிய விலையும் தனித்தனியே அச்சாகியிருந்தால், அது அவ்வாண்டிற்கு முந்திய அச்சாகாது. இவற்றினும் உறுதியான சான்று, தகட்டின் அடிப்புறத்தில் நடுத்துளையைச் சூழ்ந்த வளையத்தில் பொறித்துள்ள அச்சு எண்ணாகும். ஓபியைத் தனியே போலியாக அச்சிட்டுச் சேர்ப்பாரும் உளர். ஓபியை மட்டும் நம்பி அஞ்சல் வழியே பணம் அனுப்பி, முதற்பதிப்பு என்ற பெயரில் பிற்கால மறுஅச்சைப் பெற்று ஏமாந்தவருள் நானும் ஒருவன்.

தேடுவோர் பெரிதும் விரும்பும் தகடுகளுள் ஒன்று பீட்டில்ஸ் குழுவினரின் 'ஆபி ரோடு'. ஜப்பானிய நிறுவனம் 1983-இல் அதை வெளியிட்டது. குழுவினரின் இசைவு பெறாமல் வெளிவந்தமையால் பின்னர் அது திரும்பப் பெறப்பட்டது. உலகெங்கும் முறைப்படி அக்குறுந்தகடு வெளிவந்தது 1987-இல். இடைப்பட்ட காலத்தில் விற்ற படிகளே எஞ்சியவை. அவற்றுள் ஒன்று பொன்முடி அடிவாரத்துப் பெட்டியில் இருந்தது.

பாதுகாப்பைப் பற்றியும் சில சொற்கள். பெட்டியில் 5 தகடுகளின் அட்டைகளில் பூஞ்சை படர்ந்திருந்தது. 2001-இல் நடு அமெரிக்காவின் பெலீஸ் நாட்டில் தகட்டையே அரித்துத் தின்னும் பூஞ்சையை ஆய்வாளர் கண்டனர். நம் மலைநாட்டு ஈரமும் அதற்குக் குறைந்ததன்று. இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரிலிருந்த ஓர் ஆலையில் 1988-க்கும் 1993-க்கும் இடையில் அச்சான தகடுகள் பல, காப்புப் பூச்சின் குறையால் வெண்கல நிறமாக மாறிப் பழுதாயின. பூச்சு நல்லதாயின் தகடு நெடுநாள் வாழும். தகட்டை நிறுத்தி வைக்க வேண்டும். படுக்க வைத்து அடுக்குதல் கூடாது. பழைய பெட்டிகளினுள் இருக்கும் பஞ்சுத் தாள் நாளடைவில் உதிர்ந்து தகட்டில் ஒட்டும் ஆதலால் அதை அகற்றிவிட வேண்டும். இரும்பு அலமாரியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளை வைத்து, திங்களுக்கு ஒருமுறை மாற்றுக. துடைப்பதாயின் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்தல் வேண்டும்; வட்டமாகத் துடைத்தல் ஆகாது.

இவற்றையெல்லாம் அம்மையாருக்குச் சொல்லி, 'ஆபி ரோடு' தகடு ஒன்றுக்கே பெட்டியின் விலையைப் போலப் பல மடங்கு கிடைக்கும் என்றேன். உடனே ஒரு குறையையும் கூற வேண்டியதாயிற்று. ஓபியின் உட்புறத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. அவ்வெழுத்து விலையைக் குறைத்துவிடும்.

"என்ன எழுதியிருக்கிறது?" என்றார் அம்மையார். தமிழில் இருந்தமையால் என் மொழிபெயர்ப்பு அதற்குத் தேவைப்படவில்லை. 'கோபே, 1984. மகள் பிறந்த தந்தி இன்று' என்று எழுதியிருந்தது. கப்பலின் வானொலி அலுவலர் ஆதலின் அத்தந்தியைத் தம் காதால் கேட்டுத் தம் கையால் எழுதிக்கொண்டவர் அவரே. மற்றத் தகடுகளையும் திறந்து பார்த்தோம். 40-க்கு மேற்பட்டவற்றில் துறைமுகமும் நாளும் குறித்திருந்தன. சிலவற்றில் ஒரு வரிச் செய்தியும் இருந்தது.

பழைய சாமான் எடுப்பவருக்கு அன்றே மறுமொழி போயிற்று. எழுத்தில்லாத தகடுகளை விற்று அலமாரி வாங்குவது என்றும், எழுதியவற்றை மகளுக்கு வைப்பது என்றும் அம்மையார் முடிவு செய்தார். அடுத்த வாரம் என் கருவியைப் பேருந்தில் எடுத்துச் சென்று, 'ஆபி ரோடு' தகட்டை ஓடவிட்டேன். 40 ஆண்டுகளுக்குப் பின்னும் ஓரிடத்திலும் தடங்கவில்லை. அம்மையார் இசையைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. ஓபியைத் திருப்பி, அவ்வரியை இன்னொரு முறை படித்தார்.

நேயர்கள் இல்லத்திலும் இத்தகைய பெட்டிகள் இருக்கலாம். ஜப்பானியத் தகடாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. தாத்தா வாங்கிய கர்நாடக இசைத்தட்டாகவும், ஒலிநாடாவாகவும் இருக்கலாம். எடைக்குப் போடுமுன், நல்ல வெயில் நாள் ஒன்றில் அவற்றைத் திறந்து, அட்டையின் உட்புறத்தையும் ஒருமுறை பாருங்கள்.