முகவரியின் வால்

வேலை மாற்றலாகி ஊர்விட்டு ஊர் செல்வது தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம்மவர்க்குப் பழகிப்போன ஒன்று. கரோல் பாகிலிருந்து மாதுங்காவுக்குக் குடிபெயர்கின்றவர், புறப்படுமுன் அஞ்சலகத்தில் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பார். பின்னர் வரும் கடிதங்களில் பழைய விலாசத்தை அடித்துப் புதியதை எழுதி அனுப்புவார்கள். இணையதள முகவரிகளுக்கும் இத்தகைய ஏற்பாடு உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் அலுவலகத்திற்காக ஓய்வூதிய விண்ணப்பம் பற்றிய சிறு கையேட்டைத் தமிழில் பெயர்த்துக் கொடுத்தேன். அதன் கடைசிப் பக்கத்தில் அச்சிட்ட இணைய முகவரி 'ஏ.எஸ்.பி.' என்று முடிந்தது. கையேடுகள் தீருமுன்பே அங்கே மென்பொருளை மாற்றிவிட்டனர். பக்கங்கள் யாவும் 'பி.எச்.பி.' என முடியலாயின. உள்ளிருந்த செய்தியில் ஓரெழுத்தும் மாறவில்லை. எனினும் கையேட்டைப் பார்த்துத் தட்டியவர்க்கெல்லாம் '404, காணப்படவில்லை' என்ற விடையே கிட்டிற்று. முதியவர்கள் மீண்டும் வரிசையில் போய் நின்றனர்.

முகவரியின் இறுதியில் புள்ளிக்குப் பின் வரும் இவ்வெழுத்துகள் கோப்பின் வகையைக் குறிக்கும் வால். உள்ளே எந்தக் கருவி வேலை செய்கிறது என்பதை வெளியாருக்கு அறிவித்து ஆவதென்ன? வைய விரிவு வலையைப் படைத்த டிம் பெர்னர்ஸ்-லீ, முகவரியில் இவ்வாலைச் சேர்க்கவே வேண்டாம் என்று 1998-இலேயே எழுதினார்.

சேர்த்தாகிவிட்டது, இனிச் செய்வதென்ன? அப்பாச்சி என்னும் வழங்கி மென்பொருளில் 'மாட் ரீரைட்' என்றொரு பகுதி உண்டு. ரால்ஃப் எங்கல்ஷால் என்பார் 1996-இல் இதனை ஆக்கினார். வழங்கியின் அமைப்புக் கோப்பில் ஒரு விதி எழுதினால் போதும்: 'ஏ.எஸ்.பி.' என முடியும் எந்த முகவரி வரினும், வாலுக்கு முன்னுள்ளதை அப்படியே வைத்து, வாலை மட்டும் 'பி.எச்.பி.' ஆக்குக. நூறு பக்கமாயினும் விதி ஒன்றே. இதில் ஒரு நுணுக்கம்: விதியின் மொழியில் புள்ளிக்கு 'எந்த எழுத்தாயினும்' என்று பொருள். உண்மையான புள்ளியைச் சுட்ட அதன்முன் ஒரு பின்சாய்கோடு இடல் வேண்டும். இதை மறப்பவர் பலர்.

விதி இருவகையில் செயற்படும். ஒன்று, அலுவலக ஏவலர் வேறு அலமாரியிலிருந்து தாளை எடுத்துவந்து நீட்டுவது போன்றது. கேட்டவர் கண்ணில் பழைய முகவரியே நிற்கும். மற்றொன்று, 'இவர் இங்கில்லை, அங்கே செல்க' என்று உலாவிக்குச் சொல்லி அனுப்புவது. நிலையான மாற்றத்துக்கு 301, தற்காலிகமானதற்கு 302 என எண்கள் உள. 301 என்பதை உலாவிகள் நினைவில் வைத்துக்கொள்ளும். பிழையான விதியை அவ்வெண்ணோடு வெளியிட்டால், திருத்திய பின்னும் பழைய பிழை சிலரிடம் தொடரும். ஆகவே முதலில் 302 இட்டுச் சோதிப்பதே அறிவுடைமை.

படிவம் நிரப்பி அனுப்பும் முகவரிக்கு இன்னும் கவனம் வேண்டும். 301 கண்ட உலாவிகள் பொதுவாகப் புதிய இடத்துக்கு வெறுங்கையோடு செல்லும். நிரப்பிய விவரங்கள் வழியிலேயே விடுபடும். அவற்றையும் ஏந்திச் செல்ல 308 என்ற எண் பின்னாளில் வகுக்கப்பட்டது.

வாலையே ஒழிக்க விழைவோர் விழும் பள்ளம் ஒன்றுண்டு. வாலுள்ளதை வாலில்லாததற்கு அனுப்ப ஒரு விதி; வாலில்லாததற்கு உள்ளே வாலுள்ள கோப்பை எடுக்க மற்றொரு விதி. கோப்புறைக்குள் இடும் அமைப்புக் கோப்பில் இவ்விரண்டையும் எழுதினால், மாற்றம் நேர்ந்தபின் வழங்கி விதிகளை முதலிலிருந்து மறுபடி படிக்கும். முடிவில்லாச் சுழல் பிறக்கும். வந்தவர் அனுப்பிய மூல வேண்டுகோளிலேயே வால் இருந்தால் மட்டும் முதல் விதி செல்லும் என ஒரு நிபந்தனை சேர்ப்பின் சுழல் அறும்.

நான் சொன்ன அலுவலகத்தில் முறையீடுகள் குவிந்தபின் அவ்விதியை எழுதினர். அரை நாள் வேலைகூட இல்லை என்றார் எழுதிய இளைஞர். எஞ்சிய கையேடுகளை அதன்பின் வீசாமல் வழங்கினார்கள்.