மலைக்கு வந்த தாலுகா

கோயம்புத்தூரில் பல வீடுகளில் சிறுவாணித் தண்ணீர் குடிக்கிறார்கள். உலகிலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் இது என்று பெருமையாகச் சொல்வார்கள். அளந்து பார்த்தது யார் என்று யாரும் சொல்வதில்லை! ஆனால் தண்ணீர் இனிப்பானது என்பது உண்மை.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது தெரியுமா? கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தின் மலைக்காட்டிலிருந்து வருகிறது. இதற்காக 1973-ல் இரண்டு மாநிலங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அணையைத் தாண்டிய சிறுவாணி ஆறு ஒரு பள்ளத்தாக்கின் வழியே ஓடுகிறது. பவானி ஆறும் அதே பள்ளத்தாக்கில்தான் ஓடுகிறது. இரண்டும் அங்கே ஒன்று சேர்கின்றன. பிறகு தமிழ்நாட்டுக்குள் இறங்கி, மேட்டுப்பாளையம் வழியாகப் போய், பவானி நகரில் காவிரியோடு கலக்கின்றன.

அந்தப் பள்ளத்தாக்குதான் அட்டப்பாடி. 2021-ல் அது தனித் தாலுகா ஆனது. கேரளத்தின் 78-வது தாலுகா அது. பழங்குடி மக்களுக்கென்று அமைந்த முதல் தாலுகாவும் அதுதான். தலைமை இடம் அகளி.

எப்படிப்பட்ட ஊர்?

அட்டப்பாடியின் பரப்பு சுமார் 740 சதுர கிலோமீட்டர். அகளி, புதூர், சோலையூர் என்று மூன்று பஞ்சாயத்துகள் உள்ளன. மேற்கே அமைதிப் பள்ளத்தாக்குக் காடு. அங்கே மழை கொட்டும். கிழக்கே ஆனைகட்டிப் பக்கம் போனால் முள்செடியும் வறண்ட மண்ணும்தான். ஒரே தாலுகாவில் இரண்டு விதமான வானம்!

இருளர், முடுகர், குறும்பர் என்று மூன்று பழங்குடி மக்கள் இங்கே வாழ்கிறார்கள். குடியிருப்பை ‘ஊர்’ என்றே சொல்கிறார்கள். ஏறத்தாழ 190 ஊர்கள் உள்ளன. இருளர் பேச்சு தமிழுக்கு மிக நெருக்கமானது. இருளர் பாடகி நஞ்சியம்மா இந்த மண்ணைச் சேர்ந்தவர். சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்ததாக 2022-ல் அறிவித்தார்கள்.

தாலுகா வருவதற்கு வெகு காலம் முன்பே ஊருக்குள் ஒரு நிர்வாகம் இருந்தது. ஊருக்குத் தலைவர் மூப்பன். பண்டாரி பொருள்களைக் கவனிப்பார். குருதலை மூப்பனுக்குத் துணை. மண்ணுக்காரன் விதைப்பு வேலைகளைக் கவனிப்பார். எங்கே விதைப்பது, எப்போது விதைப்பது என்று அவர் சொல்ல வேண்டும். ராகி, சாமை, திணை, துவரை, அவரை எல்லாம் கலந்து விதைப்பார்கள். அட்டப்பாடித் துவரைக்கும் ஆட்டுக்கொம்பு அவரைக்கும் இப்போது புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதாவது, வேறு ஊரில் விளைந்ததை இந்தப் பெயரில் விற்க முடியாது.

நிலம் கை மாறிய கதை

நிலத்தில் வேலை செய்தவர்கள் பழங்குடி மக்கள். ஆனால் காகிதத்தில் நிலம் அவர்கள் பெயரில் இல்லை. மலைக்குக் கீழே இருந்த ஜன்மிகளின் பெயரில் இருந்தது. 1950-க்குப் பிறகு திருவிதாங்கூர் பக்கமிருந்து விவசாயிகள் குடியேறினார்கள். கோயம்புத்தூர் பக்கமிருந்தும் வந்தார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்தவர்களே. கடனுக்காகச் சில நிலங்கள் போயின. குத்தகைக்கு விட்ட நிலங்கள் திரும்பி வரவில்லை. கைநாட்டு வைத்த காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று பலருக்குத் தெரியாது.

1951-ல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் அட்டப்பாடியில் பத்துப் பேரில் ஒன்பது பேர் பழங்குடி மக்கள். 2001 கணக்கில் அவர்கள் பாதிக்கும் குறைவு.

1975-ல் கேரள அரசு ஒரு சட்டம் போட்டது. பழங்குடி மக்களிடமிருந்து கை மாறிய நிலத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றது அந்தச் சட்டம். அதற்கு விதிகள் எழுதவே 1986 ஆகிவிட்டது. 1999-ல் வேறு சட்டம் வந்தது. அதன்படி, 1960 முதல் 1986 ஜனவரி வரை விவசாய நிலம் வாங்கியவர்கள் 2 ஹெக்டேர் வரை வைத்துக்கொள்ளலாம். இழந்தவருக்கு அதே அளவு வேறு நிலத்தை அரசு தர வேண்டும். 2009-ல் உச்ச நீதிமன்றமும் இதை ஒப்புக்கொண்டது. தாத்தா உழுத நிலம் வேறு, அரசு காட்டும் நிலம் வேறு. இந்த வருத்தம் ஊர்களில் இன்னும் இருக்கிறது.

தாலுகா எதற்கு?

இப்போது கேள்வி எழும். ஒரு அலுவலகம் வந்தால் என்ன மாறும்?

தாலுகா அலுவலகத்தில் தாசில்தார் இருப்பார். சாதிச் சான்றிதழ், நிலப் பதிவேடு, பட்டயம், எல்லை அளப்பது, பெயர் மாற்றுவது எல்லாம் அங்கே நடக்கும். பெயர் மாற்றுவதைக் கேரளத்தில் ‘போக்குவரவு’ என்பார்கள். அப்பா இறந்தபின் நிலம் மகள் பெயருக்கு மாற வேண்டும் என்றால் இது நடந்தாக வேண்டும். நடக்காவிட்டால் வரி ரசீது அவள் பெயரில் வராது. ரசீது இல்லாவிட்டால் வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம். வேறொருவர் நிலத்தில் கை வைத்தாலும் கேட்பதற்குக் கையில் ஆதாரம் இருக்காது.

2021 வரை இந்த வேலைகளுக்கு மண்ணார்க்காட்டுக்குப் போக வேண்டியிருந்தது. மலைச் சாலையில் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி இறங்க வேண்டும். போய்வர ஒரு நாள் ஆகும். அன்றைய கூலி போய்விடும். அதிகாரி இல்லை என்றால் இன்னொரு நாள். பருவமழையில் மண் சரிந்தால் சாலை அடைபடும். அப்போது என்ன வழி? ஆனைகட்டி வழியாகத் தமிழ்நாட்டுக்குள் போய், கோயம்புத்தூர் சென்று, அங்கிருந்து பாலக்காடு போய், பிறகு மண்ணார்க்காடு போக வேண்டும். சொந்தத் தாலுகாவுக்குப் போக வேறு மாநிலத்தைச் சுற்ற வேண்டும்!

இப்போது அந்த அலுவலகம் அகளியிலேயே இருக்கிறது. சோலையூர்க்காரர் காலையில் கிளம்பினால் மதியம் வீடு திரும்பலாம்.

ஆனால் எல்லா வேலையும் அகளியில் முடிந்துவிடாது. கை மாறிய நிலத்தைத் திரும்பக் கேட்கும் வழக்கைத் தாசில்தார் தீர்க்க முடியாது. அதற்கு மேலே உள்ள கோட்ட அதிகாரிதான் தீர்க்க வேண்டும். அவருடைய அலுவலகம் ஒற்றப்பாலத்தில். அது மண்ணார்க்காட்டையும் தாண்டிப் போக வேண்டிய ஊர். பெரிய வைத்தியத்துக்கும் இப்படித்தான். கோட்டத்தறையில் பழங்குடியினர் மருத்துவமனை இருக்கிறது. நோய் முற்றினால் திருச்சூருக்கோ கோயம்புத்தூருக்கோ போக வேண்டும். 2013-ல் சத்துக்குறைவால் இங்கே பல பச்சைக் குழந்தைகள் இறந்தன. நாடே அதைப் பற்றிப் பேசியது. புதிய தாலுகா வேண்டும் என்ற கோரிக்கைக்குப் பின்னால் அந்த வேதனையும் இருந்தது.

இடுக்கியில் நடந்தது

பெயர் முதலில் வருவதும், அலுவலகம் பிறகு வருவதும் மலைநாட்டில் புதிதல்ல. இடுக்கி மாவட்டம் 1972 ஜனவரி 26-ல் பிறந்தது. ஆனால் அதன் தலைமை அலுவலகம் கோட்டயத்தில் இருந்தது. மலைமேல் இருக்கும் பைனாவுக்கு 1976-ல்தான் வந்தது.

இன்னொன்றும் உண்டு. இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய காட்டில், இடமலைக்குடி இருக்கிறது. முதுவர்கள் வாழும் இடம் அது. மூணாறு பஞ்சாயத்திலிருந்து பிரித்து, 2010-ல் அதைத் தனிப் பஞ்சாயத்து ஆக்கினார்கள். கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து அது. ஆனால் சாலை இல்லை. அதனால் பஞ்சாயத்து அலுவலகம் வெகு காலம் தேவிகுளத்தில் நடந்தது. காட்டுக்குள் பஞ்சாயத்து, காட்டுக்கு வெளியே அலுவலகம். ஒரு கையெழுத்துக்காக முதுவர்கள் காட்டைக் கடந்து நடந்தார்கள்.

அட்டப்பாடியிலும் ஆனவாய், துடுக்கி, கலசி போன்ற குறும்பர் ஊர்கள் காட்டுக்குள் இருக்கின்றன. அங்கிருந்து முக்காலிக்கு வந்துதான் பஸ் பிடிக்க வேண்டும். அவர்களுக்கு அகளியும் தூரம்தான்.

இவர்களுக்கு வேறொரு சட்டம் துணையாக இருக்கிறது. அது 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் பயிர் செய்து வாழும் பழங்குடிக் குடும்பம் 4 ஹெக்டேர் வரை உரிமை கேட்கலாம். இதற்கு முதல் மனுவைத் தாலுகாவில் கொடுக்க வேண்டியதில்லை. ஊர்க்கூட்டத்தில் கொடுக்க வேண்டும். நிலத்தை நேரில் பார்த்து, அளவைக் குறித்து, தீர்மானம் எழுத வேண்டியது ஊர்க்கூட்டம். அதன் பிறகுதான் மனு கோட்டக் குழுவுக்கும் மாவட்டக் குழுவுக்கும் போகும். மேலே உள்ளவர்கள் தள்ளுபடி செய்தால், அதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும். எதிர்த்து மேல்முறையீடு செய்ய 60 நாள் அவகாசம் உண்டு. உத்தரவு கிடைத்த தேதியைக் காகிதத்தின் ஓரத்தில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.